சொற்பொருளா, உட்பொருளா? - 137-ஆம் சங்கீதமும் அதன் உரையாசிரியர்களும்

கிறித்தவத் திருமறையாகிய விவிலியத்தைச் சொற்பொருள் கொண்டு படிப்பதா, உட்பொருள் கொண்டு படிப்பதா என்னும் வினா அச்சமயத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே இருந்து வருவதாகும். ஆயினும், இஃது அண்மைக் காலத்தில் எழுந்த வினா என்றே பலரும் கருதுகின்றனர். பண்டைக் காலத்தார் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நம்பினர் என்றும், கோப்பர்நிக்கசும் டார்வினும் தோன்றிய பின்னரே சமய அறிஞர்கள் வேறு வழியின்றி 'அது குறியீடு, இது உருவகம்' என்று சொல்லத் தலைப்பட்டனர் என்றும் அவர்கள் எண்ணுவர்.

இவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. கதிரவன் படைக்கப்பட்டது நான்காம் நாளில் எனத் தொடக்க நூல் கூறுகிறது. அங்ஙனமாயின், கதிரவன் இல்லாத முதல் மூன்று நாள்களில் காலையும் மாலையும் எங்ஙனம் உண்டாயின? இவ்வாறு வினவி, இவ்விடத்தைச் சொல் கிடந்தவாறே கொள்வது அறிவுடையோர்க்கு ஆகாது என்று கூறியவர் டார்வினுக்குப் பின் வந்தவர் அல்லர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்து ஓரிகன் என்னும் பேரறிஞரே அவர்.

ஆகவே, இவ்வினாவின் வேரை அறிவியலிடத்துத் தேடுதல் பயன் தராது. அறிவியலுக்கு வேலையே இல்லாத ஓரிடத்தை எடுத்து, அதற்குக் காலந்தோறும் எழுந்த உரைகளை வரிசைப்படுத்தி நோக்கினால், இவ்விரு நெறிகளின் வலிவும் மெலிவும் தெளிவாக விளங்கும். அதற்குத் தக்கதோர் இடம் 137-ஆம் சங்கீதம். கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் இஃது 136-ஆம் எண் பெறும். தமிழில் சீர்திருத்தச் சபையார் 'சங்கீதம்' என்றும் கத்தோலிக்கர் 'திருப்பாடல்' என்றும் வழங்குவது இவ்வகைப் பாடலையே.

பாடலும் அதன் களமும்

கி.மு. 587 அல்லது 586-இல் பாபிலோனிய வேந்தன் நெபுகத்நேசார் எருசலேமை அழித்தான்; திருக்கோயில் தீக்கிரையாயிற்று; மக்களுள் பலர் பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டனர். இப்பாடல் அச்சிறைவாழ்வை நினைந்து பாடப்பட்டது; ஒன்பதே வசனங்கள் உடையது. ஆற்றங்கரையில் அமர்ந்து அழுத கதையோடு அது தொடங்குகிறது. சிறை செய்தவர்கள் தங்கள் மகிழ்ச்சிக்காகச் சீயோன் பாட்டுகளைப் பாடுமாறு கேட்கின்றனர். அந்நிய மண்ணில் அப்பாட்டைப் பாட இயலாது எனச் சிறைப்பட்டோர் யாழை மரங்களில் தொங்கவிடுகின்றனர். எருசலேமை மறந்தால் தன் வலக்கை செயலற்றுப் போகட்டும், நா அசையாது ஒட்டிக்கொள்ளட்டும் எனப் புலவன் தன்னையே சபித்துக்கொள்கிறான்.

இதுவரை படிப்போர் நெஞ்சம் நெகிழும். ஆனால் பாடல் இங்கே முடியவில்லை. எருசலேம் வீழ்ந்த நாளில் அதனை இடித்துத் தள்ளுமாறு ஆரவாரித்த ஏதோமியரை நினைவிற்கொள்ளுமாறு புலவன் கடவுளை வேண்டுகிறான். பின்னர்ப் பாபிலோனை நோக்கித் திரும்பி, நீ எங்களுக்குச் செய்ததை உனக்குத் திருப்பிச் செய்பவன் பேறு பெற்றவன் என்கிறான். இறுதி வசனத்தில், உன் குழந்தைகளைப் பிடித்துப் பாறையில் மோதுபவனும் பேறு பெற்றவனே என்று கூறி நிறுத்திவிடுகிறான்.

'பேறு பெற்றவன்' எனப் பொருள்படும் எபிரேயச் சொல், சங்கீதத் தொகுப்பின் முதற்பாடலுக்கு முதற்சொல்லாக நிற்கும் அதே சொல்லாகும். அங்கே அது தீயோர் வழியில் நில்லாத நல்லவனைக் குறிக்கிறது. இங்கே குழந்தையைக் கொல்பவனைக் குறிக்கிறது. பகைவரையும் நேசிக்குமாறு போதித்த ஒருவரைக் கடவுளின் திருமகன் எனக் கொள்ளும் சமயத்தார் இவ்வசனத்தை எவ்வாறு ஓதுவர்? உரையாசிரியர்களை இரண்டாயிரம் ஆண்டுகளாக வருத்திய வினா இதுவே.

அலெக்சாந்திரியாவின் விடை

ஓரிகனுக்கு முன்னரே இருவேறு அறைகூவல்கள் எழுந்திருந்தன. கி.பி. 144 அளவில் உரோமைத் திருச்சபையினின்று பிரிந்த மார்சியோன், பழைய ஏற்பாட்டைச் சொல் கிடந்தவாறே படித்தார். அதில் காணப்படும் கடவுள் கிறிஸ்துவின் தந்தையாக இருத்தல் இயலாது என்று கூறி, அதனை முற்றிலும் ஒதுக்கினார். சொற்பொருளையே பற்றி நிற்போர் பத்திமையில் மிக்கோராகவே இருப்பர் என்பதற்கில்லை. திருமறையின் பெரும்பகுதியைத் தள்ளுவதற்கும் அந்நெறியே கருவியாகலாம் என்பதற்கு மார்சியோன் சான்றாவார். மற்றோர் அறைகூவல் செல்சு என்னும் கிரேக்க மெய்யியலாரிடமிருந்து வந்தது. பகைவரை அழிக்கச் சொல்லும் மோசேயின் கடவுளும், கன்னத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லும் இயேசுவின் கடவுளும் ஒருவரேயா என அவர் எள்ளி வினவினார்.

செல்சுக்கு விடையாக ஓரிகன் கி.பி. 248 அளவில் எழுதிய பெருநூலின் ஏழாம் பகுதியில் இச்சங்கீதம் எடுத்தாளப்படுகிறது. அவர் உரையின்படி பாபிலோன் என்பது மனக்குழப்பம். அதன் குழந்தைகள் உள்ளத்தில் அப்பொழுதே பிறக்கும் தீய எண்ணங்கள். அவை வளர்ந்து வலிமை பெறுவதற்கு முன்னரே அவற்றை அழிப்பவன் பேறு பெற்றவன். பாலைவனத்தில் இஸ்ரயேலருக்கு நீர் தந்த பாறை கிறிஸ்துவே எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கூறியிருத்தலின், கிறித்தவ வாசகர் இப்பாறையையும் கிறிஸ்துவாகக் காண்பதற்கு வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

இவ்வுரை பெருவாழ்வு பெற்றது. அகுஸ்தீனார் தம் சங்கீத விளக்கத்தில் பாபிலோனின் குழந்தைகளைப் புதிதாய்ப் பிறந்த தீய விருப்பங்கள் என்றும், பாறையைக் கிறிஸ்து என்றும் கொண்டார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்டு இயற்றிய துறவற ஒழுங்கு நூல், தீய எண்ணம் நெஞ்சில் தோன்றியவுடனே அதனைக் கிறிஸ்துவின்மீது மோதி உடைக்குமாறு துறவியர்க்கு விதித்தது. ஐரோப்பிய மடங்களில் இப்பாடலை ஓதிய துறவியர்க்கு அதன் இறுதி வசனம் கொலைப்பாட்டாக அன்றி, மனத்தை அடக்கும் பயிற்சியாகவே விளங்கிற்று.

இவ்வுரையை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் அது நேர்மையான மதிப்பீடு ஆகாது. ஒரு கொடிய தொடர் கொடுஞ்செயலுக்குத் தூண்டுகோலாகாதபடி அது காத்தது. தீமையை முளையிலேயே கிள்ள வேண்டும் என்னும் அறிவுரையும் சிறந்ததே. இருபதாம் நூற்றாண்டில்கூட ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், 1958-இல் வெளிவந்த தம் சங்கீத ஆய்வு நூலில், உள்ளத்தில் குழந்தைபோல் கெஞ்சி நிற்கும் சிறு சிறு இச்சைகளுக்கு இவ்வசனத்தைப் பொருத்திக் காட்டினார். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அழியாத உரையைப் பயனற்றது எனத் தள்ளுதல் கூடாது.

உட்பொருள் மறைத்தது யாது?

எனினும், இவ்வுரையால் இழந்தது ஒன்று உண்டு. பாபிலோனின் குழந்தைகள் எண்ணங்களாக மாறியவுடன், எருசலேமின் குழந்தைகளும் பாட்டிலிருந்து மறைந்துபோயினர். நீ எங்களுக்குச் செய்ததையே உனக்குச் செய்வர் என்பது எட்டாம் வசனம். அதனை அடுத்தே குழந்தைகளைப் பற்றிய பேச்சு வருகிறது. வீழ்ந்த நகரின் குழந்தைகளை மோதிக் கொல்லுதல் அக்காலப் போர்களில் நிகழ்ந்த கொடுமை என்பது அரசர் நூல், ஓசேயா, நாகூம் ஆகிய பகுதிகளாலும் அறியப்படும். ஆகவே, இப்புலவன் புதியதொரு கொடுமையைக் கற்பனை செய்தான் எனக் கொள்ளுதற்கு இடமில்லை. தன் ஊரில் நடந்ததையே அவன் திருப்பிக் கேட்கிறான் எனக் கொள்வதே பாட்டின் ஓட்டத்துக்கு இசைவது.

பாறை என்னும் சொல்லும் இங்கு நோக்கற்பாலது. பாபிலோன் நாடு ஆற்று வண்டலால் ஆன சமவெளி. அங்கே மதில்களும் மாளிகைகளும் செங்கல்லால் எழுப்பப்பட்டன. பாறை நிறைந்தது யூதேய மலைநாடு. அதனை அடுத்துள்ள ஏதோமும் பாறை நாடே. பாபிலோனைச் சபிக்கும் புலவனின் நாவில் பாறை என்னும் சொல் வந்தது அவன் நினைவிலிருந்து போலும். இத்தகைய நுட்பங்கள் யாவும், 'பாறை என்பது கிறிஸ்து' என்று கூறி அடுத்த பாடலுக்குச் செல்லும் உரையில் இடம்பெறாமற் போகின்றன. துயருற்றவன் ஒருவனின் ஓலம் வாசகனின் மனப்பயிற்சிக்கு உரிய கருவியாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தியோக்கியா நகரத்து அறிஞர்கள் இவ்வாபத்தை அன்றே உணர்ந்தனர். தர்சு நகரத்துத் தியோதோரும், கி.பி. 428-இல் மறைந்த மொப்சுவெஸ்தியா நகர ஆயர் தெயதோரும் வரலாற்றுச் சூழலை விட்டு உட்பொருள் தேடுவதைக் கண்டித்தனர். பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் ஆகார், சாராள் என்னும் இருவரையும் இரண்டு உடன்படிக்கைகளுக்கு உருவமாக்கினார். எனினும் அவ்விருவரும் வாழ்ந்ததை அவர் மறுத்தாரல்லர் என்பது அவர்கள் வாதம். தெயதோரின் எழுத்துகள் கி.பி. 553-இல் கூடிய இரண்டாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில் கண்டிக்கப்பட்டன. கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கொள்கை வேறுபாடே அதற்குத் தலையாய காரணம். ஆயினும் அக்கண்டனத்தால் அவருடைய உரைகளும் பெரும்பாலும் அழிந்தன; அந்தியோக்கிய நெறியின் குரல் நெடுங்காலம் தாழ்ந்தே ஒலித்தது.

அளவுகோல் யாது?

எவ்விடத்தைச் சொற்பொருளாகக் கொள்வது, எவ்விடத்தை உட்பொருளாகக் கொள்வது என்பதற்கு அகுஸ்தீனார் ஓர் அளவுகோல் வகுத்தார். கிறித்தவப் போதனை பற்றி அவர் கி.பி. 396 அளவில் எழுதத் தொடங்கி 426 அளவில் முடித்த நூலில் அது காணப்படுகிறது. நல்லொழுக்கத்துக்கோ மெய்யான விசுவாசத்துக்கோ நேராகப் பொருந்தாத எதுவும் உருவகமாகக் கொள்ளத்தக்கது. கடவுள் அன்பும் பிறரன்பும் விளையும்வரை அதனை ஆராய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அன்பை முதலாக வைத்த இவ்வளவுகோல் உயர்ந்ததே. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. முடிவு முன்னரே வகுக்கப்பட்டிருத்தலின், நூல் வாசகனுக்கு எதிராகப் பேச வழியில்லை. அவன் ஏற்கெனவே அறிந்ததையே அது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இக்குறையை ஒருவாறு திருத்தினார். பிற பொருள்கள் யாவும் சொற்பொருளின்மேல் கட்டப்பட வேண்டும். வாதத்துக்குச் சான்றாகக் கூடியது சொற்பொருள் ஒன்றே என அவர் வரையறுத்தார். அதனினும் சிறந்தது, சொற்பொருள் இன்னது என அவர் தந்த விளக்கம். கடவுளின் கரம் என்று திருமறை கூறுமிடத்து, கடவுளுக்கு உடலுறுப்பு உண்டு என்பது அதன் சொற்பொருள் அன்று. செயலாற்றும் வல்லமை என்பதே சொற்பொருள் என்றார் அவர்.

தமிழாசிரியர்க்கு இவ்விளக்கம் புதிதாகத் தோன்றாது. 'முகமதி' என்று புலவன் பாடுமிடத்து, வானத்து மதி கழுத்தின்மேல் வந்து அமர்ந்தது என்று எந்த மாணவனும் பொருள் எழுதான். உருவகம் என்பது புலவனின் சொல்லுக்கு அப்பால் மறைந்து கிடக்கும் இரகசியப் பொருள் அன்று. அவன் சொல்லவந்த நேர்ப்பொருளே அவ்வடிவில் நிற்கிறது. ஆகவே, உருவகத்தை உருவகமாகக் கொள்வதும் சொற்பொருள் கொள்வதன் பாற்படும். 'சொற்பொருளா, உருவகமா' எனப் பலரும் எழுப்பும் வினாவே பாதி பிழையான வினா என்பது இதனால் பெறப்படும்.

பதினாறாம் நூற்றாண்டின் ஒரு நிகழ்ச்சியும் இதனை வலியுறுத்தும். உருவக உரைகளைக் கடுமையாகச் சாடியவர் மார்ட்டின் லூதர். 1529-இல் மார்பர்க் நகரில் சுவிங்ளியோடு நடந்த உரையாடலில், இது என் உடல் என்று இயேசு கூறிய தொடரை அவர் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, 'ஆகும்' என்னும் சொல்லினின்று அசைய மறுத்தார். அச்சொல் 'குறிக்கும்' என்னும் பொருளது என்றார் சுவிங்ளி. பதினான்கு கருத்துகளில் உடன்பட்ட இருவரும், நற்கருணை பற்றிய பதினைந்தாம் கருத்தில் இப்பொருளில் ஒன்றுபடாது பிரிந்தனர். உட்பொருள் உரைகளைப் பேணிக்காத்த கத்தோலிக்கத் திருச்சபையோ இவ்விடத்தில் லூதரைப் போலவே சொல்லின் நேர்ப்பொருளை விடாது நின்றது. ஆகவே, எங்கும் சொற்பொருளே கொள்வோர் ஒரு கட்சி, எங்கும் உட்பொருளே கொள்வோர் மற்றொரு கட்சி எனப் பிரித்தல் இயலாது.

இரு சாராரும் மறந்த வினா

இனி 137-ஆம் சங்கீதத்துக்கு மீள்வோர் ஒன்றைக் காணலாம். இறுதி வசனத்தைக் கடவுளின் ஒப்புதலாகக் கொண்டு அஞ்சுவோரும், அதனைத் தீய எண்ணங்களாக மாற்றி ஆறுதல் பெறுவோரும் ஒரே எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டுள்ளனர். திருமறையில் உள்ள ஒவ்வொரு தொடரும் வாசகனுக்குக் கடவுள் நேரே தரும் அறிவுரை என்பதே அவ்வெண்ணம். 'இதனைக் கூறுவது யார்? யாரிடம் கூறுகிறார்?' என்னும் எளிய வினாவை இரு சாராருமே எழுப்பாது விட்டனர்.

அகப்பாட்டைப் படிப்பிக்கும் ஆசிரியர் முதலில் கேட்பது, கூற்று யாருடையது என்பதே. தலைவி கூற்றைப் புலவரின் வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்ளும் மாணவனை அவர் திருத்துவார். அம்முறையை இங்கும் கைக்கொண்டால், இது கடவுள் மனிதனுக்குக் கூறியது அன்று, மனிதன் கடவுள் முன்னிலையில் கதறியது என்பது புலப்படும். பழிவாங்க வேண்டுமென்று துடிக்கும் நெஞ்சம் வாளை எடுக்கவில்லை, பாட்டை எடுத்தது. பாடலுள் கடவுள் மறுமொழி ஏதும் கூறவில்லை. அவ்வேண்டுதலை அவர் ஏற்றார் என்றும் இல்லை. மறுத்தார் என்றும் இல்லை. சொற்பொருளை முழுமையாக ஏற்றுக்கொண்டே இவ்வளவும் கூற இயலும். உட்பொருளின் துணை தேவைப்படவில்லை.

இப்பாடலை இம்முறையில் கேட்ட செவிகளும் உண்டு. 1852-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5-ஆம் நாள், அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில், அடிமைத்தளையினின்று தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் விடுதலை நாள் சொற்பொழிவு ஆற்றினார். அடிமைப்பட்ட மக்களின் சார்பில் நிற்கும் தம்மை அழைத்து விடுதலையைக் கொண்டாடச் சொல்வது, சிறைப்பட்டோரைப் பாடச் சொல்வதற்கு ஒப்பாகும் எனக் காட்ட அவர் இச்சங்கீதத்தையே எடுத்தோதினார். அவருக்குப் பாபிலோன் மனக்குழப்பம் அன்று. பழைய பாபிலோன் மட்டுமேயும் அன்று. ஒரு மக்களின் மெய்யான துயரம் மற்றொரு மக்களின் மெய்யான துயரத்துக்குச் சொல் கொடுத்தது. இங்கே பொருள் விரிகிறது; ஆனால் முதற்பொருள் அழியவில்லை. சிறந்த குறியீட்டின் இயல்பு இதுவே. அவரும் ஆறாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பதும் கருதத்தக்கது.

அடுத்த மூன்று வசனங்களை விட்டுவிடுவோர் பலர். ஜான் வெஸ்லி 1784-இல் வெளியிட்ட வழிபாட்டு நூலில், கிறித்தவச் சபையின் வாய்க்கு ஒவ்வாதவை என்று கருதிய சங்கீதப் பகுதிகளை நீக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை 1971-இல் வெளியிட்ட திருப்புகழ்மாலையிலும் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுமையாக விடப்பட்டன. 137-ஆம் பாடலின் இறுதிப் பகுதியும் விடப்பட்டது. சொற்பொருளுமின்றி, உட்பொருளுமின்றி, மௌனமே மூன்றாம் நெறியாயிற்று. பொது வழிபாட்டில் அதற்குக் காரணம் இருக்கலாம். ஆயினும், துயரத்தை மட்டும் கேட்டு, அத்துயரம் ஈன்ற வெறுப்பைக் கேளாமல் விடுவோர், கொடுமை மனிதனை எந்நிலைக்குக் கொண்டு செல்லும் என்பதை அறியும் வாய்ப்பை இழக்கின்றனர். மேற்குறித்த நூலில் லூயிஸும், இச்சாபங்களில் வெளிப்படும் வெறுப்பு பிறர் செய்த தீங்கின் விளைவே என்பதை மறவாது எடுத்துக்காட்டினார்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். இதனை மனிதக் குரல் என்று விட்டுக்கொடுத்தால், நாளை இயேசுவின் உயிர்ப்பையும் வெறும் பாட்டு என்று கூறுவதற்கு வழி பிறவாதா? கூற்றையும் வகையையும் நோக்கும் நெறி இவ்வச்சத்துக்கு இடந்தராது. சங்கீதம் பாட்டு, பவுலின் திருமுகம் சான்றுரை. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் விசுவாசமே வீண் எனப் பவுல் கொரிந்தியருக்கு வெளிப்படையாக எழுதினார். உயிர்த்தவரைக் கண்டோரின் வரிசையையும் தந்தார். அதனை நம்புவோரும் உண்டு, நம்பாதோரும் உண்டு. ஆனால் பவுல் அதனைக் குறியீடாகவே கூறினார் என்று சொல்வது அவர் எழுத்துக்கு ஏலாது. ஒரே நெறி ஓரிடத்தில் பாட்டைப் பாட்டாகவும், மற்றோரிடத்தில் சான்றைச் சான்றாகவும் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நெறிக்குப் பல திசைகளிலிருந்தும் ஏற்பு வந்தது. 1943-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடல், பண்டைக் கிழக்கு நாட்டாரின் இலக்கிய வகைகளை அறிந்தே திருமறைக்கு உரை காண வேண்டும் என்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அதனை உறுதிப்படுத்தியது. திருமறையில் பிழையே இல்லை எனக் கூறும் சீர்திருத்தச் சபை அறிஞர் 1978-இல் வெளியிட்ட சிகாகோ அறிக்கையும் இலக்கிய வடிவங்களைக் கருத்திற்கொள்ள வேண்டும் என ஒப்புக்கொண்டது. முடிவுகளில் இவர்கள் வேறுபடுவர். முதல் வினாவில் ஒன்றுபடுகின்றனர்.

ஓரிகன் கண்ட உட்பொருளை இனி எவரும் ஓதலாகாது என்பது இதன் கருத்தன்று. தீய எண்ணத்தை முளையிலேயே அழிக்க விரும்புவோர்க்கு அவ்வுரை இன்றும் துணையாகும். ஆனால் அதற்கு முன்னர், ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தோரின் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் கேட்டறிந்திருத்தல் வேண்டும். அக்குழந்தைகளைக் கடந்து சென்று காணும் உட்பொருள் எத்துணை அழகியதாயினும், இப்பாட்டின் பொருள் எனப்படும் உரிமை அதற்கு இல்லை.